தலைவர் கூடாரம் போட்ட கதை

பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் எங்கள் தலைவரோடு தேநீர் குடிக்கப் போனவன் வேலைக்கு நேரத்துக்குப் போனதாகச் சரித்திரம் இல்லை. தேநீர் வந்தாலும் உடனே குடிக்க மாட்டார். கோப்பையைச் சற்றுத் தள்ளி வைப்பார். தொண்டையைச் செருமுவார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போடுவார். பிறகு, எதிரில் இருப்பது நான் ஒருவன்தான் என்பதைக் கொஞ்சமும் பொருட்படுத்தாமல், "இந்த இனிய மாலைப்பொழுதிலே" என்று தொடங்குவார். காலை பத்து மணியாக இருந்தாலும் அவருக்கு அது மாலைப்பொழுதுதான். மேடைகள் எல்லாம் மாலையில்தான் போடப்படுகின்றன, அவர் என்ன செய்வார்?

எங்கள் ஊர்ச் சங்கத்தின் தலைவர் அவர். ஊர்க்காரர் எல்லோரும் தலைவர் என்பார்கள். பாரிஸ் புறநகரான கார்ஜ் லே கொனெஸில் அவர் வீட்டுக்கு ஒரு மாடி கீழே நான் குடியிருந்ததால் எனக்கு அவர் அண்ணை. இப்போது அவரும், நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியும், மகளோடு துலூஸ் நகரப் பக்கம் போய்விட்டார்கள். இங்கே இருந்தபோது அண்ணை ஓல்னே என்ற இடத்தில் ஒரு களஞ்சியசாலையில் பெட்டி அடுக்கும் வேலை பார்த்தார். அங்கே அவர் ஒரு மௌனி. பிரெஞ்சில் அவருக்கு "போன்ஜூர்", "மெர்சி", "ப தெ புரொப்ளெம்" என்று வணக்கம், நன்றி, பிரச்சினையில்லை ஆகிய மூன்றும் போதுமானவையாக இருந்தன. பகல் முழுக்க அடக்கி வைத்ததையெல்லாம் மாலையில் எங்கள் தலையில் கொட்டுவார் என்று அக்கா சொல்லுவார்.

ஒரு முறை எங்கள் கட்டடத்து லிஃப்ட் நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே அண்ணை, நான், மாலி நாட்டுக்காரர் ஒருவர், மளிகைச் சாமானோடு ஒரு பெண். திருத்துபவர் வந்து கதவைத் திறந்தபோது உள்ளே ஒரு வாடகைக் குடியிருப்பாளர் சங்கம் உருவாகியிருந்தது. மாலிக்காரர் பொருளாளர். எந்த மொழியில் அவரைச் சம்மதிக்க வைத்தார் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

பிறந்தநாள் விழாக்களில் இன்னும் மோசம். கேக்கில் மெழுகுதிரி ஏற்றியதும் "ஒரு நிமிடம்" என்று கையைத் தூக்குவார். மெழுகு உருகிக் கிரீமில் ஓடும். பிள்ளை அழும். தாய் தகப்பனைப் பார்ப்பார், தகப்பன் கூரையைப் பார்ப்பார். குழந்தையின் ஒரு வயதுப் பூர்த்திக்கும் சங்கம் காசு சேர்க்கும் ஊர்ப் பாடசாலைக் கூரைக்கும் என்ன சம்பந்தம் என்று அண்ணை விளக்கிக்கொண்டே போவார்.

நான் லா சப்பலில் ஒரு உணவகத்தில் சமையல் செய்கிறேன். சங்க விழாக்களுக்கு ரோல்ஸும் பிரியாணியும் என் பொறுப்பு. அவருடைய பேச்சை வைத்துத்தான் எண்ணெய் காய வைப்பேன். "ஆகவே" என்றால் அடுப்பைப் பற்றவைக்கலாம். "ஈற்றில்" என்றதும் புதிதாக வந்த பையன்கள் ரோல்ஸை எண்ணெயில் போடப் பாய்வார்கள், நான் தடுத்து நிறுத்துவேன். ஈற்றிலுக்குப் பிறகு இறுதியாக வரும், இறுதியாகவுக்குப் பிறகு முடிவாக வரும். "விடைபெறுமுன்" என்ற சொல் காதில் விழுந்தால் மட்டும் போடவேண்டும். அப்போதுதான் கூட்டம் கதிரையைத் தள்ளி எழும்பும்போது ரோல்ஸ் சுடச்சுட இருக்கும்.

அந்த உரைகளில் ஒன்றைக்கூட முழுதாகக் கேட்காத ஒரு ஆள் உண்டென்றால் அது அக்காதான். அவரைச் சங்கத்தின் மகளிர் அணிப் பொறுப்பாளர் என்று அண்ணை அறிவித்திருந்தார். அந்தப் பொறுப்பு என்னவென்றால், மண்டபத்தின் பின்பக்கத்தில் நின்று முந்நூறு பேருக்குத் தேநீர் ஊற்றுவது. முன்னால் கணவர் பேசுவார், பின்னால் மனைவி சீனி கலப்பார். வீட்டில் குளியலறைக் கதவுக்குள்ளிருந்து ஒத்திகை துண்டு துண்டாகக் கேட்கும். அதுவே தனக்குக் காணும் என்பார்.

அக்கா ஒரு அலுவலகத்தில் துப்புரவு வேலை பார்த்தார். கூட வேலை செய்த போர்த்துக்கீசப் பெண் ஒரு நாள் கைபேசியில் படங்கள் காட்டியிருக்கிறாள். பாரிஸுக்குத் தெற்கே எசோன் ஆற்றோரம் சதுப்பு நிலம். நாணல், ஆம்பல், கறுத்த தண்ணீர் வாய்க்கால்கள், கம்பால் ஊன்றித் தள்ளும் தட்டையான சின்னப் படகுகள், கரையில் கூடாரங்கள். கார்ஜில் ஏறினால் அதே புறநகர் ரயில் ஒன்றரை மணித்தியாலத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். அன்று இரவு நான் அவர்கள் வீட்டில் இருந்தேன்.

"முப்பது வருசமா பிரான்சிலை இருக்கிறம்," என்றார் அக்கா. "வக்கோன்ஸ், விடுமுறை எண்டு எங்கையும் போனதில்லை. உங்கடை லீவு முழுக்கச் சங்கத்து விளையாட்டுப் போட்டிக்குத்தான். எனக்கு ரெண்டு நாள் இந்தத் தண்ணிக் கரையிலை இருக்கவேணும்."

"நல்ல யோசனை," என்றார் அண்ணை. "முகாம் ஏற்பாட்டுக் குழு எண்டு ஒண்டு போடுவம்."

"முகாம் எண்டு சொல்லாதையுங்கோ. நாங்கள் அகதியா இருந்த முகாமே காணும்."

அண்ணை உடனே "கூடார வார இறுதி ஏற்பாட்டுக் குழு" என்று திருத்தினார்.

குழுவில் நானும் என் மனைவியும் சேர்க்கப்பட்டோம். உப தலைவரும் சேர்க்கப்பட்டார். உப தலைவர் லா சப்பலில் கைபேசிக் கடை வைத்திருந்தவர். நல்ல மனிதர், ஆனால் அண்ணையின் கதிரையை அவர் பார்க்கும் பார்வையில் எப்போதும் ஒரு பசி இருக்கும். மூன்றாம் நாள் அண்ணை நிகழ்ச்சி நிரலோடு வந்தார். கூடாரத்துக்கு முன்னால் மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, சதுப்பு நிலத்தின் முக்கியத்துவம் பற்றிய சிறப்புரை, நன்றியுரை. எல்லா உரையும் அவரே.

அக்கா அதைக் கேட்டு முடித்தார். கோபப்படவில்லை. அவர் கோபப்படாத நேரங்களில்தான் எனக்குப் பயம்.

"இஞ்சாருங்கோ, ஒரு பந்தயம். வெள்ளிக்கிழமை கூடாரம் அடிக்கிறதிலை இருந்து ஞாயிறு மத்தியானம் கழட்டுமட்டும் நீங்கள் ஒரு பேச்சும் பேசக்கூடாது. பேசினால் தலைவர் பதவியை விடவேணும்."

அடுத்த வைகாசியில் சங்கத்துக்கு இருபத்தைந்து வயது. வெள்ளி விழா. அந்த மேடையில் தலைமையுரை ஆற்றுவதற்காகவே அண்ணை பிறந்தார் என்று நாங்கள் நினைத்திருந்தோம், அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார். உரை எப்போதோ தயார். அதை இழப்பதென்றால் அவருக்கு உயிர் போன மாதிரி.

"எனக்கென்ன பேச்சு வியாதியே?" என்று எழும்பினார். "சரி. பந்தயம்."

"தம்பி, நீர்தான் நடுவர்," என்றார் அக்கா என்னைப் பார்த்து.

ஆனால் பேச்சு என்றால் என்ன? இதற்கு ஒரு வரைவிலக்கணம் வேண்டும் என்று அண்ணை வற்புறுத்தி, அதைப் பற்றி நீண்ட நேரம் பேசி, அவரே ஒன்றைச் சொன்னார். எழுந்து நின்று, வணக்கம் சொல்லி, மூன்று வசனத்துக்கு மேல் போனால் அது உரை. மற்றதெல்லாம் கதை. உப தலைவர் அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டார்.

ஆவணி முடிவில் ஒரு வெள்ளிக்கிழமை புறப்பட்டோம். கூடாரங்களைச் சந்தைக்குப் போகும் தள்ளுவண்டிப் பையில் திணித்து, இடியப்ப உரல், அரிசி, கருவாடு, காஸ் அடுப்பு எல்லாவற்றையும் ரயிலில் ஏற்றியபோது ஒரு வெள்ளைக்காரக் கிழவி எங்களைப் பார்த்து எங்கே குடிபெயர்கிறீர்கள் என்று கேட்டார். கூடாரத்திடலை நடத்துபவர் ஒரு உயரமான பெண். படகுகளைக் காட்டி ஒரேயொரு எச்சரிக்கை சொன்னார். தண்ணீர் இடுப்பளவுதான், ஆனால் அடியில் சேறு. படகை விட்டு இறங்கினால் கால் போகும், பிறகு ஆள் போகும். எதுவந்தாலும் படகிலேயே இருங்கள் என்றார். என் மனைவி அதை எல்லோருக்கும் தமிழில் சொன்னார்.

அண்ணை பட்ட பாட்டை எப்படிச் சொல்ல? கூடாரத்தின் முதல் கட்டையை அடித்ததும் அவர் நிமிர்ந்தார், நெஞ்சு விரிந்தது, வாய் திறந்தது. பக்கத்தில் நின்ற நான் ஒரு ரோல்ஸை நீட்டினேன். வாங்கிக் கடித்துக்கொண்டார். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னும் அப்படித்தான். அந்த வார இறுதியில் அவர் பதினைந்து ரோல்ஸாவது தின்றிருப்பார், ஒன்றும் பசிக்காக அல்ல.

உப தலைவர் சும்மா இருக்கவில்லை. "அண்ணை, இந்த நாணலைப் பாக்க ஊர் ஞாபகம் வருகுதெல்லோ? அதைப் பற்றி ரெண்டு வார்த்தை..." என்பார். "அண்ணை, இந்தக் கொக்கைப் பற்றி உங்களுக்கு ஏதோ தெரியுமெண்டு சொன்னியள்..." என்பார். அண்ணை சப்பிக்கொண்டே தலையை ஆட்டுவார்.

சனிக்கிழமை மத்தியானம் அவரைக் காணவில்லை. தேடிப்போனால், நாணல் பக்கம் தனியாக நிற்கிறார். கை ஏறி இறங்குகிறது, வாய் அசைகிறது, சத்தம் மட்டும் இல்லை. எதிரில் ஒரு வாத்துக் குடும்பம். உப தலைவர் என் பின்னாலேயே வந்து, "நடுவர், இது பேச்சுத்தானே?" என்று கிசுகிசுத்தார். சத்தம் வராதது பேச்சில்லை என்று தீர்ப்புச் சொன்னேன்.

அன்று மாலைதான் பெரிய சோதனை. திடல்காரப் பெண் எல்லோரையும் கூப்பிட்டு ஆளுக்கொரு கிளாஸ் பானம் கொடுத்தார். புதிதாக வந்தவர்கள் தங்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லட்டும் என்றார். எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். அண்ணை எழுந்தார். உப தலைவர் முன்னால் குனிந்தார். அக்கா கிளாஸை இறுக்கிப் பிடித்தார்.

"போன்சுவார்," என்றார். "மெர்சி."

அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். பிரெஞ்சுக்காரர்கள் கைதட்டினார்கள். அவர் பேச்சுக்கு, முடிந்ததே என்ற நிம்மதியில் அல்லாமல், உண்மையான சந்தோஷத்தில் ஆட்கள் கைதட்டியது அதுதான் முதல் தடவை. அன்றிரவு அக்காவும் அவரும் தண்ணீருக்குக் கிட்டப் பாயைப் போட்டு இருந்து, சத்தமில்லாமல், தவளைகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவர்களைப் பார்க்க ஆசையாக இருந்தது.

ஞாயிறு விடிய பனிமூட்டமாக நல்ல புகார். பக்கத்துக் கூடாரம் தெரியவில்லை. அக்கா எழும்பி, சாமிக்கு வைக்க ஆம்பல் பிடுங்கப் படகை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் கடற்கரையில் வளர்ந்தவர், படகு அவருக்குப் புதிதல்ல. நாங்கள் தேநீர் போட்டுக் குடித்தோம். ஆளைக் காணவில்லை. கைபேசி கூடாரத்துக்குள் கிடந்தது. பிறகு நாணலுக்குள் எங்கிருந்தோ குரல் வந்தது.

"இஞ்சாருங்கோ! கம்பு சேத்துக்குள்ளை இறுகிப்போச்சுது! எந்தப் பக்கம் கரை எண்டு தெரியேல்லை!"

எல்லோரும் கரைக்கு ஓடினோம். "அக்கா இஞ்சாலை!" என்று நான் ஒரு பக்கம் கத்த, என் மனைவி இன்னொரு பக்கம், உப தலைவர் வேறொரு பக்கம். திடல்காரப் பெண் தீயணைப்புப் படைக்குப் போன் அடித்தார். வர அரை மணியாகும் என்றார்கள். மறுபடி அக்காவின் குரல் வந்தது.

"எல்லாரும் கத்தினால் விளங்குதில்லை! ஒரு ஆள், ஒரே இடத்திலை நிண்டு, நிப்பாட்டாமல் சத்தம் போடுங்கோ! நான் நாணலைப் பிடிச்சு இழுத்து இழுத்து வாறன்!"

"படகாலை இறங்காதையும்!" என்று அண்ணை கத்தினார். "இஞ்சாரும்! இஞ்சாரும்! நான் இஞ்சை!" கத்தினார், மூச்சு வாங்கினார், நின்றார். அந்த இடைவெளியில் படகு வேறு பக்கம் திரும்பிவிட்டது, அக்காவின் குரல் தூரப் போனது. மறுபடி கத்தினார். "இஞ்சை" என்ற ஒரு சொல்லை ஒருவன் எவ்வளவு நேரம் சொல்லலாம்? எனக்கும் உண்மையாகவே பயம் பிடித்துவிட்டது.

அப்போது உப தலைவர் சொன்னார்: "அண்ணை, நிப்பாட்டாமல் கதைக்க உங்களை விட்டால் ஆர் இருக்கினம்?"

அதை அவர் அக்காவுக்காகச் சொன்னாரா, பதவிக்காகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அண்ணை அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அங்கே ஆட்கள் உட்காரப் போட்டிருந்த மரவாங்கில் ஏறி நின்றார். தொண்டையைச் செருமினார். கண்ணை மூடினார்.

"பெரியோர்களே! தாய்மார்களே! கடல் கடந்து வந்தும் மண்ணை மறவாத எங்கள் ஊரின் உறவுகளே! உங்கள் அனைவருக்கும் எனது பணிவான வணக்கங்கள்!"

மைக் இல்லை. தேவையும் இல்லை. அந்தக் குரல் புகாருக்குள் போனது, நாணலுக்குள் போனது. ஊர்ப் பாடசாலைக் கூரையிலிருந்து தொடங்கினார். வாசிகசாலைக்கு வந்தார். மூச்சு எங்கே எடுக்கிறார் என்று தெரியாமல் எடுத்தார், ஒரு வசனத்தின் வால் அடுத்த வசனத்தின் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தது. கூடாரங்களிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் இரவு உடுப்போடு வெளியே வந்து நின்றார்கள். ஒருவரும் ஒரு சொல்லும் விளங்காமல், ஒருவரும் நகராமல் கேட்டார்கள்.

"சத்தம் கேக்குது!" என்று அக்கா கத்தினார். "விடாதையுங்கோ!"

வாசிகசாலை முடிந்தது. கிணறு முடிந்தது. மைதானமும் முடிந்தது. தயாராக வைத்திருந்த வெள்ளி விழா உரை முழுதும் தீர்ந்துபோய்விட்டது. ஒரு நொடி தடுமாறினார். பிறகு இன்னும் உரக்கத் தொடர்ந்தார்.

"இவ்வேளையில், இச்சதுப்பு நிலத்தின் மத்தியிலே தோணியோடு நின்றுகொண்டிருக்கும் எமது மகளிர் அணிப் பொறுப்பாளர் அவர்களை நான் மறந்துவிட முடியாது! இருபத்துநான்கு ஆண்டுகள் எமது விழாக்களிலே அவர் ஊற்றிய தேநீரைக் குடித்தவர்கள் நாங்கள்! அவர் குடித்தாரா என்று கேட்டவர்கள் அல்லர்! முன்வரிசையிலே அவருக்கு ஒரு ஆசனம் போட இந்தத் தலைவனுக்குத் தோன்றவில்லை! ஆகவே, அன்பார்ந்த பொறுப்பாளர் அவர்களே, உங்களைக் கரைக்கு வருமாறு பணிவன்போடு அழைக்கின்றேன்! மீண்டும் அழைக்கின்றேன்!"

நாணல் விலகி, படகின் மூக்கு வெளியே வந்தது. அக்கா முழங்கை வரை சேறும், கை முழுக்க நாணல் கீறிய காயமுமாக, படகின் அடியில் ஆம்பல் பூக்களோடு வந்தார். நான் பாய்ந்து படகை இழுத்தேன். அண்ணை கண்ணைத் திறக்கவில்லை, அழைத்துக்கொண்டே இருந்தார். நான் அவரைத் தொடப் போனேன்.

"விடும் தம்பி," என்றார் அக்கா. "முடிக்கட்டும்."

ஈரப் புல்லில், வாங்குக்கு நேர் முன்னால் இருந்துகொண்டார். ஈற்றில் வந்தது, இறுதியாக வந்தது, முடிவாக வந்தது. அக்கா எழும்பவில்லை. அண்ணை விடைபெற்றுக் கண்ணைத் திறந்தபோது, முன்னால் மனைவி இருந்து கைதட்டினார். அண்ணை வாங்கிலிருந்து இறங்கினார், சேற்றுக் கையைப் பிடித்தார், சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். பிரெஞ்சுக்காரர்களும் கைதட்டினார்கள்.

"தோத்திட்டியள்," என்றார் அக்கா.

"இல்லை," என்று நான் அவசரமாகக் குறுக்கிட்டேன். "அவசர நேரத்திலை பேசினது கணக்கிலை வராது. நடுவர் எண்ட முறையிலை..."

"வரும்," என்றார் அண்ணை. "எழும்பி நிண்டன். வணக்கம் சொன்னன். மூண்டு வசனத்துக்கு மேலை போச்சுது. வரைவிலக்கணம் என்ரை. தோத்திட்டன்."

உப தலைவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா விட்டுக்கொடுப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. அடுத்த கிழமையே அண்ணை பதவி விலகினார், உப தலைவர் அந்தக் கதிரையில் ஏறினார்.

வெள்ளி விழா வைகாசியில் பெரிதாக நடந்தது. புதிய தலைவர் கைபேசியைப் பார்த்து உரையை வாசித்து, நான் அடுப்பைப் பற்றவைக்குமுன் முடித்துவிட்டார். சனம் ரோல்ஸ் எங்கே என்று கேட்டு என்னைப் பிய்த்துத் தின்றது. முன்வரிசையில் அண்ணைக்கும் அக்காவுக்கும் போட்டிருந்த இரண்டு ஆசனங்களும் வெறுமையாகக் கிடந்தன. அண்ணை மனம் உடைந்து வீட்டில் படுத்துவிட்டார் என்று ஆட்கள் கதைத்தார்கள். எனக்கும் நெஞ்சு கேட்கவில்லை. சமையலறைக்குப் பின்னால் போய் அக்காவுக்குப் போன் அடித்தேன்.

தவளைச் சத்தம்தான் முதலில் கேட்டது. அதற்கு மேலால் ஒரு குரல், ஏறி ஏறிப் போனது.

"அக்கா, எங்கை நிக்கிறியள்? எல்லாரும் உங்களைத் தேடுகினம்."

"அந்தத் தண்ணிக் கரையிலைதான். நேற்றே கூடாரம் போட்டிட்டம்."

"அண்ணை ஆரோடை கதைக்கிறார்?"

"என்னோடைதான். வெள்ளி விழா உரை. இப்பதான் தொடங்கினவர்."

"ஐயோ அக்கா, அது முடிய இருட்டிப்போடுமே!"

"இருட்டட்டும்," என்றார் அக்கா. "வையும் போனை தம்பி. நீர் கதைக்கிறதிலை எனக்கு அவற்ரை பேச்சுக் கேக்குதில்லை."